அணைக்கு மேலே சிக்கிய மீன்: காவிரி மஹசீர் மரபணு நாட்குறிப்பு

ஜனவரி 18, 2025
காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் மீனின் வழியை 1934-இல் மேட்டூர் அணை மறித்தது, 1955-இல் பவானிசாகர், 1957-இல் அமராவதி. மோயாற்று மீன் பவானிசாகருக்கு மேலே, பாம்பாற்று மீன் அமராவதிக்கு மேலே தங்கிவிட்டது. மதகு வழியே சில மீன்கள் கீழே போகலாம். மேலேறி வர வழியில்லை. ஒரு வறட்சியில் மேல்பகுதி இழக்கும் மரபணு வகைகள் போனது போனதுதான்.

பிப்ரவரி 2
வனத்துறை அனுமதி கையில் இருந்தால் தண்ணீர் தெளிந்திருக்கும் இந்த மாதமே, அணைக்கு மேலும் கீழும் உள்ள மீன்களின் டிஎன்ஏவை ஒப்பிட மாதிரி எடுக்க ஏற்றது. இடத்துக்கு 30 மீன். வால் துடுப்பு நுனியில் 5 மி.மீ. துண்டு போதும், கையை நனைத்துக்கொண்டு பிடித்து உடனே விட்டுவிடலாம். துண்டை 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். சதையிலுள்ள நீர் கலந்து நீர்த்துப்போனால் டிஎன்ஏ சிதையும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே போடுங்கள், வெளியே எழுதும் மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்துவிடும். ஒரே மடுவில் குஞ்சுகளாகவே அள்ளக் கூடாது. அத்தனையும் உடன்பிறப்புகளாக இருந்தால், இரு இடத்து மீன்களுக்கிடையே இல்லாத மரபணுப் பிரிவும் இருப்பதாகத் தெரியும்.

பிப்ரவரி 20
மஹசீருக்கு 100 குரோமோசோம். ரோகு, கட்லாவுக்கு 50. முன்னோர் மீனில் குரோமோசோம் தொகுதி முழுதும் இரட்டித்ததன் மிச்சம் இது. அதனால் டிஎன்ஏவில் ஒரு இடத்தைப் பிடிக்கப் பயன்படும் பிரைமர் என்ற சிறு துண்டு இரண்டு இடங்களில் ஒட்டி, இரண்டுக்கு மேல் வரக் கூடாத அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) ஒரு மீனிலேயே மூன்று, நான்கு வரும். அந்தக் குறிப்பான்களை (ஒப்பிடத் தேர்ந்த டிஎன்ஏ இடங்களை) தயங்காமல் கழித்துவிட வேண்டும். வைத்துக்கொண்டால் மரபணுப் பன்மை பொய்யாகக் கூடி, நலிந்த கூட்டமும் நலமாகத் தெரியும்.

மார்ச் 9
பயனுறு எண்ணிக்கை, அதாவது அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணு கொடுக்கும் மீன்களின் கணக்கு, 50 என்றால் தலைமுறைக்கு 1% பன்மை போகும். தலைமுறைக்கு நாலரை ஆண்டு என்று வைத்தால் மேட்டூருக்குப் பின் சுமார் 20 தலைமுறை: இழப்பு 18%. அதே எண்ணிக்கை 500 என்றால் வெறும் 2%. ஆகவே அணைக்கு மேலும் கீழும் வேறுபாடு தெரியவில்லை என்பதற்காக அணையால் பாதிப்பில்லை என்று எழுதிவிடக் கூடாது. பெரிய கூட்டத்தில் அது தெரியவே பல தலைமுறை ஆகும்.

மார்ச் 21
பொரிப்பகக் குஞ்சு விடுவது இதற்கு மருந்தல்ல. லோனாவாலாவில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீரைக் காவிரியில் விட்டதால் அயல் இனம் பெருகியதே மிச்சம். அதனோடு கூன்முதுகு மீன் கலந்ததா என்று பார்க்க மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும் போதாது, அது தாய்வழியை மட்டுமே காட்டும். தாய், தந்தை இருவழியையும் காட்டும் உட்கரு டிஎன்ஏ குறிப்பான்களும் வேண்டும். கலப்பில்லை என்று உறுதியான பிறகே, தலைமுறைக்கு ஒன்று முதல் பத்து வரை வளர்ந்த மீன்களை அணை தாண்டி மாற்றிவிடுவதைப் பற்றிப் பேசலாம்.