பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம்

கிடாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் அழுத்தும் சின்னப் பெட்டியான எஃபெக்ட் பெடல் சேர்க்க ஆரம்பித்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஐந்தாறு வருடம் நிறம், பெயர், யார் மேடையில் எதைக் காலடியில் வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது ஒரு பெடல் விற்பனைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது உள்ளே எடுத்த படம். பின்மூடியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் படம் அனுப்ப முடியாது என்று சொல்பவரிடம் வாங்குவதில்லை.

இந்தப் பழக்கம் கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் ராட் என்ற பெடலால் வந்தது. ராட் 1978 இல் அமெரிக்காவின் கலமசூ என்ற ஊரில் பிறந்தது. கறுப்புப் பெட்டி, திருகுவதற்கு மூன்று நாப், அவ்வளவுதான். அதன் பழைய மாடல்களில் எல்எம்308 என்ற, சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப் இருக்கும். அந்தச் சிப் மெதுவானது. சிக்னல் சட்டென்று ஏறி இறங்கும்போது அதனால் கூடவே ஓட முடியாது, அதனால் ஒலியின் கூர்மையான முனைகள் மழுங்கிப்போகும். வேறு எந்தக் கருவியிலாவது இதைக் குறை என்று தள்ளியிருப்பார்கள், ராட்டில் அதுவே ருசி ஆகிவிட்டது. அந்தச் சிப்பின் உற்பத்தி நின்றபோது ராட்டில் ஓபி07 போட ஆரம்பித்தார்கள். உடனே பழைய ராட்டுக்குத் தனி மவுசு வந்தது.

நானும் ஒன்று தேடி வாங்கினேன். விற்றவர் எல்எம்308 தான் என்று அடித்துச் சொன்னார். எட்டு மாதம் அதை வாசித்துவிட்டு, சுவிட்ச் கரகரத்ததால் திறந்தேன். சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது ஓபி07. எனக்கு வந்த கோபத்தை விட என்னைப் பிடித்து ஆட்டியது வேறொரு கேள்வி. இந்த எட்டு மாதமும் நான் "ஆகா, பழைய சிப்" என்று கேட்டுக்கொண்டிருந்தது எதை? அப்புறம் ஒரு நண்பரின் பெடலிலிருந்து உண்மையான எல்எம்308 ஐக் கடன் வாங்கி, அதே சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டு வாசிக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, நான் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். இருபது முறை. எது எது என்று என்னால் நிலையாகச் சொல்ல முடியவில்லை. பிற்பாடு படித்தபோது காரணம் புரிந்தது: ஓபி07 உம் கிட்டத்தட்ட அதே அளவு மெதுவான சிப்தான். மாற்றுச் சிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து என் பெடல்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். "அந்தக் காலப் பெடல் நல்லது, இப்போது எல்லாம் மலிவாக்கிவிட்டார்கள்" என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அது பாதிதான் உண்மை என்பது என் அபிப்பிராயம். பெடல் செய்பவர்கள் சிப் செய்வதில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கணக்குக் கருவிக்கும் என்று யாரோ செய்யும் உதிரிபாகத்தில் கிடைப்பதை எடுத்துத்தான் பெடல் செய்கிறார்கள். அந்தப் பெரிய தொழில்கள் ஒரு பாகத்தை விட்டுவிட்டால் பெடல் உலகம் அதற்குப் பின்னால் அலைய வேண்டியதுதான்.

பாஸ் நிறுவனத்தின் கரகரப்புப் பெடலான டிஎஸ்-1 ஐப் பாருங்கள். 1978 இல் வந்த அதே ஆரஞ்சு நிறம், அதே மூன்று நாப், அதே பெட்டி. ஆனால் அதில் இருந்த தோஷிபா சிப்புக்கு மாற்று தேட வேண்டியதாகி, 1994 வாக்கில் உள்ளே இருந்த சர்க்யூட்டையே திருத்திவிட்டார்கள். ஒரு ஜப்பான் தயாரிப்பையும் பின்னால் வந்த தைவான் தயாரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தால் வேறு வேறு பெடல் மாதிரி இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குப் பழையதன் ஒலி கொஞ்சம் பிடிக்கும், அது உண்மை. ஆனால் அது ஜப்பானில் செய்ததாலா என்று கேட்டால் இல்லை, சர்க்யூட் வேறு என்பதால்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் கதை இன்னும் அழகு. ஃபஸ் என்ற கரகரப்பு ஒலியே ஒரு பழுதிலிருந்து வந்தது. நாஷ்வில்லில் ஒரு ஒலிப்பதிவின்போது மிக்ஸிங் மேசையில் ஒரு பாகம் கெட்டுப்போய் பேஸ் கிடார் கரகரவென்று பதிவாக, அந்த ஒலி பிடித்துப்போன பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை டிரான்சிஸ்டரில் மறுபடி உண்டாக்கும் சர்க்யூட்டைச் செய்தார். கிடார் நிறுவனமான கிப்சன் அதை மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்று 1962 இல் விற்றது. நான்கு வருடம் கழித்து லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் செய்த ஃபஸ் ஃபேஸ் பெடல், மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வடிவமைத்த வட்டப் பெட்டி. அதற்குள் இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு நாப். மொத்தம் பதினோரு பாகம். ஆரம்பத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பிறகு சிலிக்கான்.

என்னிடம் இருக்கும் ஜெர்மானியம் ஃபஸ் வெயில் ஏறினால் மாறிவிடும். காலையில் வாசித்தால் மொறுமொறுவென்று, கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் மணி மாதிரி சுத்தமாக ஒலிக்கும். மதியம் அதே அமைப்பில் வாசித்தால் ஸ்வரம் பாதியில் திணறி நின்றுவிடும். சூட்டில் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் கூடிவிடுவதால் இப்படி. அந்த டிரான்சிஸ்டர்களும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒரு கூடை வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, பொருத்தமான ஜோடியைப் பொறுக்க வேண்டும். சிலிக்கான் வந்ததும் உற்பத்தியாளர்கள் ஏன் அதற்குத் தாவினார்கள் என்பது ஒரே ஒரு மதியத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அந்தக் காலை நேரத்துக்காக அதை நான் விற்க மாட்டேன்.

என் அலமாரியின் இரண்டு முனைகளில் இரண்டு பெடல் இருக்கின்றன. ஒன்று எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, 1970களில் வந்த ஒற்றை நாப் ஆரஞ்சுப் பெட்டி. மற்றது ஒரு சின்னக் கம்பெனி செய்த, பெரிய மண்டபத்தில் வாசிப்பது போல எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், எஃப்வி-1 என்ற சிப்பில் ஓடுவது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பல வருடம் நினைத்திருந்தேன். எம்எக்ஸ்ஆரை ஆரம்பித்த இருவரில் ஒருவரான கீத் பார் தான் அந்த எஃப்வி-1 ஐ வடிவமைத்தவர்! இடையில் அலெசிஸ் நிறுவனத்தையும் அவரே தொடங்கினார். டிஜிட்டல் பொறியியல் பெரிதாகத் தெரியாத ஒருவர் கூட வீட்டு மேசையில் உட்கார்ந்து நல்ல ரிவெர்ப் பெடல் செய்ய முடிந்ததற்கு அந்த ஒரு சிப் எவ்வளவு பெரிய காரணம் என்பதை நினைத்தால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. 2010 இல் இறந்துவிட்டார்.

சர்ஃபேஸ் மவுண்ட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போர்டில் ஓட்டை போட்டுக் கம்பியை நுழைத்துக் கையால் சால்டர் செய்த காலம் போய், இன்று அரிசி முனை அளவு பாகங்களை இயந்திரமே ஒட்டிவிடுகிறது. இதனால் ஒலி செத்துவிட்டது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. கிளான் சென்டார் என்ற பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். பில் ஃபின்னகன் 1994 முதல் ஏறக்குறைய 8,000 பெடல்களைச் செய்தார், சர்க்யூட்டை யாரும் பார்க்காதபடி எபாக்சி பிசினை ஊற்றி மூடினார். கையால் செய்ததுதான் அதன் மந்திரம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அவரே அடுத்து வெளியிட்ட கேடிஆர் என்ற பெடலில் சர்ஃபேஸ் மவுண்ட் போட்டார். உருவாக்கியவருக்கே ஆட்சேபம் இல்லை. ஜே201 போன்ற டிரான்சிஸ்டர்களோ கால் நீண்ட பழைய வடிவத்தில் செய்வதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். கையால் செய்பவர்கள் கூட சின்ன வடிவத்தை வாங்கி ஒரு குட்டிப் பலகையில் ஒட்டி, அதற்குக் கால் வைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்குக் கவலை ஒலியில் இல்லை, பழுதுபார்ப்பதில்தான். இப்போது வரும் பல பெடல்களில் ஜாக்கும் நாப்பும் நேரே போர்டிலேயே பதிந்திருக்கின்றன. யாராவது ஒயரில் தடுக்கினால் ஜாக்கோடு போர்டும் சேர்ந்து விரிசல் விடும். டிஜிட்டல் பெடலில் சிப் போனால் அதிலிருந்த புரோகிராமும் போச்சு, அதை வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது. 2020 இல் ஜப்பானில் ஏகேஎம் என்ற சிப் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது ஒலியை டிஜிட்டலாக மாற்றும் சிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. புதுப் பெடலுக்கே அந்தக் கதி என்றால், முப்பது வருடம் கழித்து இவற்றை யார் எதை வைத்துச் சரிசெய்வார்கள்? ஃபஸ் ஃபேஸின் பதினோரு பாகத்தை யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்துவிடலாம்.

போன மாதம் என் பாஸ் சிஇ-2 கோரஸ், ஒலியை லேசாக அலையவைக்கும் பெடல், ஊமையாகிவிட்டது. எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் அதன் உயிர் எம்என்3007 என்ற பக்கெட் பிரிகேட் சிப். தீயை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது மாதிரி, சிக்னலை 1,024 படிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தித் தாமதப்படுத்துவது. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. மூடியைத் திறந்து மேசை விளக்கின் கீழ் வைத்து, சிக்னலைப் படிப்படியாகத் தேடிக்கொண்டே போனேன். சிப்புக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் காணாமல் போயிருந்தது. பட்டாணி அளவுள்ள ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அடியில் லேசாகப் பழுப்புக் கசிவு. பக்கத்தில் இருந்ததும் அதே நிலை. இரண்டையும் மாற்றி, போர்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒயரைச் செருகிக் கிடாரில் ஒரே ஒரு ஸ்வரக்கூட்டு அடித்தேன். அந்த மெல்லிய அலை திரும்ப வந்தது.

எடுத்த இரண்டு பழைய கெப்பாசிட்டரையும் ஒரு சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி, பின்மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து இதைத் திறக்கப்போகிறவருக்கு என்ன மாற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.