நுரையீரல் முதிர்ந்ததா என்று ஸ்கேனில் தெரியுமா?

33-ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறியதும் காரைக்குடி டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைவு, பிள்ளையின் எடையும் வாரத்துக்குத் தகுந்த மாதிரி இல்லை. முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம் என்றார். மூச்சு விடுமா? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

எங்கள் ஆயா (பாட்டி) வேறு, "ஏழாம் மாசம் பொறந்தாத் தங்கும், எட்டுல பொறந்தாத் தங்காது ஆத்தா" என்று கலங்கிப் போனார். செட்டிநாட்டில் இதைக் கேட்காத கர்ப்பிணி இருக்க மாட்டாள். டாக்டர் இதை அடியோடு மறுத்தார். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் சுமார் 24 வாரத்தில் சுரக்கத் தொடங்கி, 35 வாரம் வாக்கில்தான் போதுமான அளவுக்கு வருமாம். ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது.

ஸ்கேன் டாக்டரம்மாவிடம், "நுரையீரல் முதிர்ந்திருச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். திரையை நிறுத்திக் காட்டினார்: மேலே நுரையீரல், கீழே கல்லீரல், நடுவில் மெல்லிய கறுப்புக் கோடாக உதரவிதானம். கல்லீரலைவிட நுரையீரல் வெளுப்பாகத் தெரிகிறதா, நஞ்சுக்கொடி எந்த அளவு முதிர்ந்திருக்கிறது (கிரேடு), தொடை எலும்பின் முட்டிப் பக்கத்து நுனியில் எலும்புப் புள்ளி விழுந்ததா என்றெல்லாம் ஒரு காலத்தில் பார்த்தார்களாம். அதை நம்பிப் பிரசவ நாளைக் குறிக்க முடியாது என்றார். திரையை ஓடவிட்டதும் அந்தக் கோடு ஏறி இறங்கியது. பிள்ளை மூச்சுப் பழகுகிறான்! அதுகூட அவன் தெம்பாக இருப்பதற்குத்தான் அடையாளம், நுரையீரல் முதிர்ச்சிக்கு இல்லையாம்.

அவர் கேட்டு வாங்கிப் பார்த்தது என் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை. மூன்று மாதத்துக்குள் தலை முதல் பிட்டம் வரை அளந்து சொல்லும் வாரக் கணக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. கடைசி மாதங்களில் முதன்முதலாக ஸ்கேன் எடுத்தால் மூன்று வாரம் வரைகூடத் தவறலாம். நுரையீரலைப் பற்றிய கணிப்பு முழுக்க அந்த வாரக் கணக்கில்தான் நிற்கிறது. கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிகளே, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

பிரசவத்துக்காக மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே இடுப்பில் டெக்ஸாமெதசோன் ஊசி போட்டார்கள். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. கருவின் நுரையீரலை வேகமாக முதிரவைக்கும் ஸ்டீராய்டு இது; 1972-இல் நியூசிலாந்து டாக்டர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் இதே வகை ஸ்டீராய்டு ஒன்றைத் தாய்மார்களிடம் சோதித்து வெளியிட்டார்கள். ஊசி முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும் என்பதால், முதல் ஊசியைக் காரைக்குடியிலேயே போட்டது பெரிய உபகாரம். சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இந்த ஊசியால் சர்க்கரை ஏறும்.

34 வாரம் முடிந்ததும் ஆபரேஷன். பிறந்ததும் அழுதான். மூச்சுக்குத் துணையாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் குழாய் மூக்கில் கொஞ்ச காலம் இருந்தது, பிறகு தானாகவே மூச்சு விட்டான். பால் குடிப்பதுதான் பெரும்பாடு. உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விட அந்த வாரத்துப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடாது என்று நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்தது. முதலில் குழாய், அப்புறம் பாலாடை, கடைசியில்தான் மார்பு.