பாய்மரப் படகிலிருந்து பழைய எஞ்சினைக் கழற்றிய கதை

முப்பது ஆண்டுகளாகப் பாய்மரப் படகின் வயிற்றுக்குள் கிடந்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினை ஒருவழியாக வெளியே எடுத்துவிட்டேன். ஏறக்குறைய 150 கிலோ எடையைத் தூக்குவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் தூக்க ஒரு மணி நேரமும் கழற்ற நான்கு நாட்களும் ஆயின.

முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கடல்நீர் உள்ளே வரும் வால்வையும் டீசல் குழாயையும் அடைத்து, ஆயிலை வடித்தேன். படகின் அடியில் தேங்கும் நீரைத் தானாக இறைக்கும் பம்பையும் நிறுத்தினேன். அது ஓடினால் சிந்திய ஆயிலெல்லாம் கடலில் கலந்துவிடும்.

வேலை நின்றுபோன இடம் கப்ளிங். கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் நான்கு போல்ட்டுகளில் மூன்று, துரு இளக்கும் ஆயிலில் இரவு முழுவதும் ஊறியபின் இளகின. நான்காவதன் தலை துருவேறி முனை மழுங்கிவிட்டதால் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. டீசல் ஊறிய இடத்தில் தீப்பொறி பறக்கும் கிரைண்டரை ஓட்ட மனம் வரவில்லை. ஒரு கை மட்டுமே நுழையும் அந்த இடுக்கில், சிறு கண்ணாடியில் பார்த்தபடி, வெறும் ஆக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து அறுத்தேன்; ஒரு பகல் முழுவதும் அதற்கே போயிற்று. படகு நீரில் மிதந்ததால், ஷாஃப்ட் பின்புறம் நழுவி அதன் துளை வழியே நீர் புகாதபடி உட்பக்கத்தில் முன்கூட்டியே கிளாம்ப் மாட்டியிருந்தேன்.

தூக்குவதற்கு, பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூமில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டேன். பூம் இவ்வளவு எடையைத் தனியாகச் சுமக்கச் செய்யப்பட்டதன்று. ஆகவே பாயை ஏற்றும் கயிற்றைச் செயின் பிளாக் தொங்கும் அதே இடத்தில் கட்டி, எடை கயிற்றின் வழியே பாய்மரத்துக்குப் போகும்படி செய்தேன். ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் முன்பே கழற்றியதால் எஞ்சின் வாசற்படியில் உரசாமல் மேலே வந்தது.

எஞ்சின் போனபின் அது அமர்ந்திருந்த மேடையைத் துடைத்தபோது, வலப்பக்கப் பின் மூலையில் ஃபைபர் உறைக்குள் இருந்த மரம் விரலால் அழுத்தினாலே அமுங்கியது. புதிய எஞ்சினின் கப்ளிங் முகங்கள் 0.1 மில்லிமீட்டர் அளவுக்குள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருப்பதால், ஊறிய அந்த மரத்தைத்தான் அடுத்து வெட்டி எடுக்கப்போகிறேன்.