நிலாவெளிக் கரையோரம் புல் வெட்டுகிறவர்களுக்கு

தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெசினில் பிளேட்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு, அது தெறிக்கவைக்கும் பொருளுக்கும் பயப்பட வேண்டும். திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி விடுதி வளவுகளில் புல்லுக்குள் என்னதான் கிடக்காது? முருகைக்கல், போத்தல் துண்டு, அறுந்த வலை, மாரி வெள்ளம் கொண்டுவந்து போட்ட தகரம். மெசினை ஸ்டார்ட் பண்ண முதல், ஒரு சாக்கோடு அந்தத் துண்டு நிலம் முழுக்க நடந்து பொறுக்க வேண்டும். அந்த நேரமும் வேலை நேரம்தான். மேற்பார்வையாளர் அதைச் சோம்பல் என்று பார்க்கிற இடத்தில் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

அடம்பன் கொடி தனித் தொல்லை. மெசினின் சுழலும் தலையில் சுற்றி இறுகினால் சுழற்சி நின்று கிளச் சூடேறும். எஞ்சின் ஓட ஓடக் குனிந்து கையால் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடி விடுபட்ட கணமே தலை சுழலத் தொடங்கிவிடும். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பிறகுதான் கை அங்கே போகலாம்.

மிக மோசமான பழக்கம், தங்கூசி (புல்லை வெட்டும் நைலோன் நூல்) கெதியாய்த் தேய்கிறது என்று சைக்கிள் பிறேக் கம்பியைச் செருகுவது. தங்கூசி கல்லில் பட்டால் தேயும், அறும், அவ்வளவுதான். கம்பியோ துண்டு துண்டாய் முறிந்து பறந்து, காற்சட்டையைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். காப்புத் தகட்டைக் கழற்றுவதும் அதே ரகம். தகட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கத்திதான் தங்கூசியை அளவோடு நறுக்குகிறது. அது போனால் நூல் நீண்டு, எஞ்சின் திணறி, சூடேறும். புல் சிக்குகிறதென்றால் தகட்டைக் கழற்றாமல், மேலிருந்து இரண்டு தரமாக வெட்டுங்கள்.

இரும்பு பிளேட் பூட்டினால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். பிளேட்டின் வலது முன்பக்கம் அடிக்கட்டையிலோ மதிலிலோ பட்டால் மெசின் முழுதாக உதறித் திரும்பும்.

சுற்றி 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது. காதடைப்பான் போட்டவருக்குக் கூப்பிடுவது கேட்காது. பின்னால் போய்த் தோளைத் தொடவும் கூடாது, திடுக்கிட்டு மெசினோடு திரும்புவார். தூரத்தில் முன்னால் வந்து கைகாட்டுங்கள். வலை முகமூடி மட்டும் போட்டால் மணல் உள்ளே வரும், அதற்குள் பொலிகாபனேற் கண்ணாடியும் வேண்டும். சாதாரண வெயில் கண்ணாடி உடைந்தால் அதுவே கண்ணைக் குத்தும்.

பெற்றோல் விடும்போது சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். நிரப்பிய இடத்திலிருந்து 3 மீற்றராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் பண்ணுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த புல் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அந்த நாட்களில் விடியவே தொடங்கி, வெயில் ஏறமுன் கனமான வேலையை முடிப்பது நல்லது. 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர். தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாய் வந்தவருக்கு முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள், உடம்பு வெக்கைக்குப் பழகச் சில நாள் எடுக்கும். தென்னைக்குக் கீழே போகமுன் அண்ணாந்து பாருங்கள்: தொங்கும் காவோலை காற்றுக்கு எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

சருகுக் கும்பியைக் கையால் அள்ளவே வேண்டாம், புடையன் பாம்பு படுத்திருக்கும். நீண்ட தடியால் கிளறிவிட்டு அள்ளுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, விடுதியின் எந்த வாசலுக்கு வரவேண்டும் என்றும் சொல்லுங்கள். மணலில் வாகனம் புதையும், ஆகவே ஆளை நடக்கவிடாமல் கதிரையில் இருத்தி வீதிவரை தூக்கிக்கொண்டு போங்கள்.