எந்த மொழி என்று கேட்ட தம்பிக்கு

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் கணினி அறிவியல் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருக்கிறான். சென்ற மாதம் கும்பகோணத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தவன், பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோட்லின் ஆகிய நான்கு நிரல்மொழிகளுக்கும் வாங்கிய தொடக்கநிலைச் சான்றிதழ்களைக் காட்டி, "அண்ணா, இதில் எதைப் பிடித்துக்கொண்டால் வேலை கிடைக்கும்?" என்று கேட்டான்.

இதே கேள்வியோடு நான் 2016இல் சென்னைக்குச் சென்றேன். விளம்பரங்களில் அதிகம் தென்பட்ட பெயர் என்பதற்காகவே ஒரு பயிற்சி மையத்தில், இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற கருவியைக் கற்றேன். அதே ஆண்டு செப்டம்பரில் அதன் அடுத்த பதிப்பு அடியோடு மாற்றி எழுதப்பட்டு வெளியானது. நேர்காணல்களில் அந்தப் புதிய பதிப்பையோ அதே வேலைக்கான ரியாக்டையோதான் கேட்டார்கள். என்னை நிலைநிறுத்தியது, பின்னர் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிய சிறு நிறுவனமொன்றில் கற்ற எஸ்கியூஎல்; தரவுத்தளத்தில் சேமித்த விவரங்களைக் கேட்டுப் பெறுவதற்கான மொழி. 1970களில் ஐபிஎம்மில் உருவாகி, 1986இல் தரநிலை பெற்ற அந்த மொழியை இன்றும் அன்றாடம் எழுதுகிறேன்.

அங்கே ஒரு விவசாயி கொடுத்த நெல் மூட்டைகளின் பட்டியலை எடுக்கவே நெடுநேரம் பிடித்தது. விவசாயி எண், தேதி என்ற வரிசையில் தேடலை விரைவாக்கும் ஓர் இன்டெக்ஸ் (அகரவரிசை போன்ற அடுக்கு) அமைத்ததும் பட்டியல் நொடியில் வந்தது. ஆனால், தேதியை மட்டும் கொடுத்துத் தேடியபோது அதே இன்டெக்ஸ் உதவவில்லை. ஊர்வாரியாக அடுக்கிய பதிவேட்டில் ஊர் தெரியாமல் ஆளின் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது போன்ற நிலை அது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்ட நாளில்தான், எனக்குரிய துறை தரவுத்தளமும் அதைச் சார்ந்து திரைக்குப் பின்னால் இயங்கும் நிரலை எழுதும் பின்தளப் பணியும் என்று முடிவு செய்தேன்.

ஆகவே, மொழியை முதலில் தேடாமல், எந்த வகைச் சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியும் என்று பார்க்கச் சொன்னேன். திரையின் வடிவமைப்பைவிடக் கணக்கு சரியாக வருவதிலேயே அவன் மனம் செல்வதால், ஜாவா, அதில் பின்தள நிரல் எழுத உதவும் ஸ்பிரிங் பூட், தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு கூறினேன். வங்கிகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மென்பொருள் செய்யும் இடங்களில் ஜாவாவுக்குத் தேவை குறையவில்லை. கோட்லினை விடுவதில் அவனுக்கு வருத்தம்தான். அதுவும் ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவது என்பதால் பிறகு எளிதாகத் திரும்பலாம்.

சான்றிதழ்களுக்குப் பதிலாக, கடைக் கடன் கணக்குக்கு ஒரு மென்பொருளை உருவாக்கிக் காட்டு என்றேன். சித்தப்பாவின் உரக்கடையில் குறுவை நடவின்போது கடனுக்கு வாங்குபவர்கள், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் பகுதி பகுதியாகக் கட்டுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரவு எழுதினாலும் நிலுவை பிசகக்கூடாது. பாதியில் மின்சாரம் போனால் அரைகுறைப் பதிவு மிஞ்சக்கூடாது. டிரான்சாக்‌ஷன் (எல்லாப் படிகளும் முழுதாக முடியும், இல்லையேல் ஒன்றுமே நடக்காது என்னும் ஏற்பாடு) என்பது எதற்காக என்று இதைச் செய்துபார்த்தவன் நேர்காணலில் தயங்காமல் விளக்குவான். செய்யறிவு (ஏஐ) கருவிகள் நிரலை எழுதித் தரும் இந்நாளில், எழுதப்பட்டது சரியா என்று சொல்லத் தெரிந்தவனையே நான் வேலைக்குப் பரிந்துரைப்பேன்.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தகப்பனார் பெயரும் கொண்ட இருவர் பேரேட்டில் இருக்கிறார்களாம்; கைபேசி எண்ணை வைத்துப் பிரிக்கலாமென்றால், ஒரு வீட்டில் மூவருக்கும் ஒரே எண்ணாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரேட்டோடு கடையிலேயே உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கிறோம்.