மணல்மேட்டில் ஒரு வாடகை வீடு

தெற்குத் தாய்லாந்தில் இருக்கும் நக்கோன் சி தம்மராட்டில் நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தை 'ஹை சாவ்'. வாடகைக்கு என்று பொருள். கேட்டில் கம்பியால் கட்டிய ஓர் அட்டை, அதில் மார்க்கர் பேனாவால் இந்த வார்த்தை, கீழே ஒரு செல்போன் எண். விளம்பரம் அவ்வளவுதான். பேங்காக்கில் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே நூறு வீடு பார்த்துவிடலாம். இங்கே குடும்பம் இருக்கத் தகுந்த வீடுகளில் முக்கால்வாசி இணையத்துக்கே வருவதில்லை. தெருவில் நடந்தால்தான் கண்ணில் படும். பட்டாலும் அந்த எண்ணில் கூப்பிட்டுப் பேச மொழி வேண்டும்.

நானும் ஒன்பது வயது மகளும் 2023 ஏப்ரல் கடைசியில் இங்கே வந்தோம். கணவருக்குக் கப்பல் வேலை, வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். எனக்கு இந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் ஆங்கில வழிப் பிரிவில் கணக்கு டீச்சர் வேலை. சென்னையில் இருக்கிற தாய்லாந்து துணைத் தூதரகத்தில் விசா வாங்கி, பேங்காக்கில் இறங்கி, ராத்திரி ரயில் பிடித்தோம். தெற்கே போகும் பெரிய பாதையிலிருந்து காவ் சும் தோங் ஜங்ஷனில் பிரிகிற கிளைப் பாதையில் கடைசி ஸ்டேஷன் இந்த ஊர்தான். வண்டி அதற்கு மேல் போகாது.

முதல் ஐந்து வாரம் ஒரு 'ஹோ பக்'கில் இருந்தோம். நம் ஊர் மேன்ஷன் மாதிரி, வரிசையாக ஒற்றை அறைகள். மாதம் 3,200 பாட். கட்டில், பீரோ, ஏசி, பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி எல்லாம் உண்டு. அடுப்படி மட்டும் கிடையாது. சமைக்கவும் கூடாது. ரைஸ் குக்கருக்கு மட்டும் அனுமதி. மகள் இரண்டாம் வாரமே ரசம் கேட்டு அழுதாள். வெயில் காலம் என்பதால் ஏசி ஓயாமல் ஓடியது. மின்சாரம் யூனிட்டுக்கு 8 பாட் என்று போட்டிருந்தார்கள். அரசாங்கக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். பல அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் மின்சாரத்துக்கு உண்மையான கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது, முன்பணத்துக்கும் வரம்பு உண்டு என்று 2018லேயே விதி வந்துவிட்டதாம். பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. நான் இரண்டு மாத முன்பணம் கொடுத்திருந்தேன். அதில் பாதிதான் திரும்பி வந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு விதியையாவது தெரிந்துகொண்டு வாருங்கள். தனி வீட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது. வரிசை அறைகள் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும்.

பிறகு வீடு தேடினோம். சனி, ஞாயிறில் 'சொங்தேவ்' ஏறிக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி அது. இந்த ஊர் வடக்கு தெற்காக நாடா மாதிரி நீண்டு கிடக்கிறது. நடுவில் ராட்சதம்னோன் சாலை, அதன் நெடுக நீல சொங்தேவ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வருவோம். 'ஹை சாவ்' தெரிந்தால் அவள் மணியை அழுத்துவாள்.

பதினோரு வீடு பார்த்தோம். நான்கு இடத்தில் எங்களைப் பார்த்ததும், அப்போதுதான் வேறு ஆளுக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அட்டை அதே இடத்தில் தொங்கியது. ஐந்தாவது இடத்தில் ஒரு வயதான மனிதர் முகத்துக்கு நேரே சொன்னார்: "கேக்குக்கு விடுவதில்லை. வாசனை." இந்தியர்களை, மலாய் முஸ்லிம்களை, இன்னும் மேற்கே உள்ளவர்களை எல்லாம் இங்கே 'கேக்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்றும் அர்த்தம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது, எனக்கு அந்த மனிதர் மேல் இருந்ததை விட அதிகமாக அந்தச் சொல்லின் மேல் வருத்தம் வந்தது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், 1006 வாக்கில், இந்தப் பக்கத்துக் கடலை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் எங்கள் ஊரில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார். ராஜராஜ சோழர் அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்தார். இந்தக் கடற்கரையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு அங்கே கும்பிட ஓர் இடம் இருந்தது. அடுத்த தலைமுறையில் ராஜேந்திரனின் கப்பல்கள் 1025இல் இந்தப் பக்கம் வந்தன. அவர் வென்றதாகச் சொல்லும் ஊர்களில் மாதமாலிங்கமும் ஒன்று. அது இந்த ஊர்தான் என்கிறார்கள் அறிஞர்கள். ராட்சதம்னோன் சாலையில் ஈசன் கோயிலும் நாராயணன் கோயிலும் எதிரெதிரே சின்னதாக நிற்கின்றன. 'ஹோ பிரா இசுவான்', 'ஹோ பிரா நாராய்'. அந்த மனிதர் மறுத்த அன்று சாயங்காலம் மகளோடு ஈசன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே லிங்கம். இந்த ஊருக்கு நாங்கள் அப்படி ஒன்றும் அந்நியர்கள் இல்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத்தான் மொழி இல்லை.

மொழி மகளுக்குத்தான் வந்தது, அதுவும் பள்ளி வாசலில் 'கனோம் சீன்' விற்கும் அம்மாவிடம். புளித்த அரிசி மாவில் இடியாப்பம் போலப் பிழிந்து எடுப்பது கனோம் சீன். மேலே தேங்காய்ப்பால் மீன் குழம்பை ஊற்றி, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பச்சைக் காய், கீரை வைப்பார்கள். தெற்கே இந்த ஊர்க் கனோம் சீனுக்குத் தனிப் பேர் உண்டு. மகள் தினமும் அங்கே சாப்பிட்டு, தெற்கத்திப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். ருசிக்குப் பேங்காக்கில் 'அரோய்' என்பார்கள், இங்கே 'ரோய்'. அந்த ஒரு வார்த்தையிலேயே அந்த அம்மா மயங்கிவிட்டார். நாங்கள் அவரை 'பா' என்று கூப்பிடுகிறோம். நம் பெரியம்மா முறை. அவர் என்னை 'க்ரூ' என்பார். நம் குருதான் அது.

நாங்கள் வீடு தேடுவதை மகள்தான் பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பக்கவாட்டில் வண்டி பூட்டிய பைக்கில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய அக்கா தெற்கே ஹாட் யாய் நகரத்துக்கு மகனோடு போய்விட்டதால் வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்ததாம். அந்த வீட்டு கேட்டில் அட்டையே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் ஓர் அழகான வீடு பார்த்திருந்தேன். புது டைல்ஸ், புது பெயின்ட். ஆனால் சுவரில் இடுப்பு உயரம் வரை ஒரு வெள்ளை, அதற்கு மேல் கொஞ்சம் பழுத்த வெள்ளை. நாகப்பட்டினத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கோடு என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளம் வருமா என்று கேட்டேன். வராது என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

பா கேட்டைத் திறந்ததும் எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசல் படிக்கட்டின் பக்கச் சுவருக்குக் கூட்டிப் போனார். நான்கு படி. மூன்றாவது படிக்கு நேராகச் சுவரில் பழுப்பாக ஒரு கறை, அதன் பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு எண். குனிந்து கையை அந்தக் கறையில் வைத்துச் சொன்னார்: "2020. உள்ளே வரலை. ஆனா இவ்வளவு வந்தது. பார்த்துக்குங்க க்ரூ." கீழே இன்னொரு கறை, மங்கலாக. அது 2017 ஜனவரி. இரண்டு வெள்ளமும் இந்த மாகாணம் முழுக்க மறக்காத வெள்ளங்கள்.

மேற்கே காவ் லுவாங் மலை, தெற்குத் தாய்லாந்திலேயே உயரமானது. அங்கிருந்து இந்தப் பக்கம் இறங்கும் மழைத்தண்ணீர் இந்த ஊரைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். பழைய ஊரும் மகாதாது என்ற பெரிய புத்தர் கோயிலும் ஒரு நீளமான மணல்மேட்டின் மேல் இருக்கின்றன. ஊர் நாடா மாதிரி நீண்டதற்கு அதுதான் காரணம். இரண்டு பக்கமும் பள்ளம், ஒருகாலத்தில் வயல். புது வீடுகள் எல்லாம் பள்ளத்தில் வந்தவை. அக்கா வீடு மேட்டின் விளிம்பில் இருந்தது. இந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு என் யோசனை: ஏசியைப் பார்க்காதீர்கள், படிகளை எண்ணுங்கள், பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்க மாட்டார்கள்.

வாடகை 5,000 பாட், முன்பணம் ஒரு மாதம். பின்பக்கம் திறந்த அடுப்படி, தகரக் கூரை, சிமென்ட் மேடை. அந்த மேடையைப் பார்த்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காகிதங்களில்தான் தடுமாறினோம். வெளிநாட்டுக்காரர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1979ஆம் வருஷச் சட்டம். அந்தப் படிவத்துக்கு டிஎம் 30 என்று பெயர். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை நானே முகவரி சொல்லும் படிவம் வேறு, டிஎம் 47. முதலாவதற்கு வீட்டின் 'தபியன் பான்' பிரதி வேண்டும். நம் ரேஷன் கார்டைப் போல வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய நீல அட்டைப் புத்தகம். கூடவே உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதியும், கையெழுத்தோடு. இதைத் தருவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்காக அரசாங்க ஆபீசுக்குப் போய், இவர் என் வீட்டில் இருக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அபராதம், வரி என்று பயமும் உண்டு. என்னை மறுத்தவர்களில் இரண்டு பேராவது வாசனைக்காக மறுக்கவில்லை, இதற்காகத்தான் மறுத்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பா ஹாட் யாய்க்கு போன் போட்டார். அரை மணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்தது 'க்ரூ' என்ற சொல்லும் என் மகளின் பெயரும் மட்டும்தான். மறுநாள் அக்காவே பஸ் ஏறி, நீலப் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். குடிநுழைவு ஆபீசில் நாங்கள் நான்கு பேரும் போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிரதியிலும் நீல மையில் நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார் அக்கா. அவர் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை குடிபோகலாம் என்றேன், பள்ளி லீவு என்பதால். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டி மறுத்தார்கள். புது வீட்டுக்குச் சனிக்கிழமை போகக் கூடாதாம். எங்கள் பாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். வீட்டு மூலையில் தூணின் மேல் இருக்கும் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு பா ஊதுபத்தி ஏற்றி, சிவப்புப் பானம் ஒரு பாட்டிலை ஸ்ட்ரா போட்டு வைத்து, புது ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார். அதே நேரம் உள்ளே நான் குத்துவிளக்கை ஏற்றி, பால் காய்ச்சினேன். பால் பொங்கி வழிந்ததும் பா அடுப்பை அணைக்க ஓடிவந்தார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, வழியத்தான் வேண்டும் என்று விளக்கினாள். அவர் முதல் டம்ளர் பாலை வாங்கி, கால் டம்ளரை அந்தக் குட்டி வீட்டில் வைத்துவிட்டு வந்து குடித்தார்.

வாசனை விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. முதல் வாரம் தாளிக்கும்போது பின்கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் 'குவா கிளிங்' வறுத்தார்கள். கொத்துக்கறியை மஞ்சளும் மிளகாயும் போட்டு இடித்த மசாலாவில் சுருள வறுப்பது. எனக்கு அடுக்கடுக்காய்த் தும்மல். அந்தப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்குப் பின்கதவைத் திறந்தேன். இப்போது அவள் வீட்டுக்குக் கறிவேப்பிலை என் தொட்டியிலிருந்து போகிறது.

அக்டோபர் 14 அன்று எனக்கு மகாளய அமாவாசை. இவர்களுக்கு அன்றுதான் பத்தாம் மாதத் திருநாள், 'சாட் துவான் சிப்'. செத்துப்போன முன்னோர் வந்து போகும் பதினைந்து நாளின் கடைசி நாள். பா 'கனோம் லா' கொண்டுவந்தார். அரிசி மாவை நூலாக ஊற்றி வலை மாதிரி சுட்டு மடித்தது. பட்டினி கிடக்கும் ஆவிகளுக்கு வாய் ஊசித்துளை அளவுதானாம், அதனால் பலகாரம் நூல் போல இருக்க வேண்டுமாம். அப்பா படத்துக்கு முன்னால் என் எள் உருண்டையோடு அதையும் வைத்தேன்.

நவம்பரில் மழை பிடித்தது, நாகப்பட்டினத்தில் பிடிக்கிற அதே வடகிழக்குப் பருவமழை. மூன்றாம் நாள் ராத்திரி சந்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு பாவிடமிருந்து போன்.

"எந்தப் படி க்ரூ?"

டார்ச்சை எடுத்துப் போய்ப் பார்த்தேன். முதல் படி நனைந்திருந்தது. அவ்வளவுதான். சொன்னேன்.

"சரி, தூங்குங்க. இரண்டாவது படி வந்தா கூப்பிடுங்க, வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன்."

இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை பார்த்தேன். முதல் படிதான்.