நாட்வீட்டை அடையாளம் காணப் பட்ட பாடு

களைக்கொல்லிச் சோதனை ஒன்றுக்காக ஆற்றங்கரையில் இருந்த, நாட்வீட் என்ற ஊடுருவிப் பரவும் களைச்செடியின் புதர்களைத் தேர்ந்தெடுத்திருந்தோம். பழைய வரைபடத்தில் எல்லாப் புதருக்கும் ஒரே பெயர்தான்: ஜப்பான் நாட்வீட். வழிகாட்டிப் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு புதரும் என்ன என்று நிரூபித்த பிறகுதான் மருந்தடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் செய்ய வந்தது மருந்துச் சோதனை. ஆனால் ஒரு வளர்பருவம் முழுக்க அடையாளம் காண்பதிலேயே போனது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊடுருவிய இடங்களில் ஜப்பான் நாட்வீட், அதைவிடப் பெரிய சகலின் நாட்வீட், இரண்டுக்கும் பிறந்த கலப்பினமான பொஹீமிய நாட்வீட் என மூன்றும் கலந்து கிடக்கும். இச்செடியின் சாற்றை உறிஞ்சும் அஃபலாரா இடடோரி என்ற சின்னஞ்சிறு பூச்சியை, உயிரியல் கட்டுப்பாட்டுக்காக பிரிட்டனில் 2010இல் வெளியிட்டார்கள். ஜப்பானின் கியூஷூவில் எடுத்த வகை ஜப்பான் நாட்வீட்டுக்கு ஏற்றது. ஹொக்கைடோவில் எடுத்த வகைக்குச் சகலின் நாட்வீட்தான் வேண்டும். செடியின் பெயர் பிசகினால் சோதனை முடிவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவோருக்கு ஒன்று: இதே செடி பாலிகோனம், ஃபலோப்பியா, ரெய்னூட்ரியா என மூன்று பேரினங்களின் கீழும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றையும் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் பாதி கட்டுரைகள் கண்ணில் படாது.

நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியது, பூட்ஸைத் தேய்த்துக் கழுவியது, கழிவை இரட்டைப் பையில் கட்டி, உயரழுத்த நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவில் போட்டது எல்லாம் சலிப்பான வேலைதான். ஆனால் தரையடித் தண்டின் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டுகூடத் துளிர்த்து முழுச்செடியாகிவிடும். ஆய்வு செய்யப் போனவர்களே செடியைப் பரப்பிவிட்டு வந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். ஓரளவுக்குச் சொல்லலாம். ஜப்பான் நாட்வீட்டின் இலை அடிப்பக்கத்தில் நேராக வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். சகலின் இலை 40 செ.மீ. வரைகூட நீளும், அடிப்பக்கம் ஆழமான இதய வடிவம். கலப்பினம் இரண்டுக்கும் நடுவில். சிக்கல் என்னவென்றால், ஒரே தண்டில் நுனி இலை ஒரு மாதிரி, நடு இலை இன்னொரு மாதிரி இருக்கும். நுனியைக் கிள்ளி எடுத்து வந்தால் எல்லாமே ஜப்பான் நாட்வீட் மாதிரிதான் தெரியும். முதன்மைத் தண்டின் நடுப்பகுதி இலையைத்தான் எடுக்க வேண்டும்.

அதைவிட நம்பகமானது இலையின் அடிப்புற நரம்பில் உள்ள ரோமம். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் போதும். சகலினில் நீண்டு நெளிந்த ரோமங்கள். கலப்பினத்தில் குட்டையாகக் கூம்பு வடிவில். ஜப்பான் நாட்வீட்டில் ரோமமே இல்லாததுபோல் வழவழப்பு. கோடையின் தொடக்கத்தில் பார்ப்பது நல்லது, பருவம் போகப்போக ரோமங்கள் உதிர்ந்துவிடும். இந்தக் கட்டத்திலேயே, வரைபடத்தில் ஜப்பான் நாட்வீட் என்றிருந்த சில புதர்கள் கலப்பினமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகத்தைத் தீர்க்கக் குரோமோசோம் எண்ணிக்கை வேண்டும். இவற்றின் அடிப்படை எண் 11. பிரிட்டனில் பரவியிருக்கும் ஜப்பான் நாட்வீட் எண்மடியம், அதாவது அடிப்படை எண்ணின் எட்டு மடங்கு, 88. சகலின் பெரும்பாலும் 44, கலப்பினம் பெரும்பாலும் 66. தொட்டியில் வளர்த்த துண்டுகளின் வேர் நுனியை வெட்டி, செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் ஹைட்ராக்சிகுயினோலினில் ஊறவைத்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைநிறுத்தி, அமிலத்தில் மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்க வேண்டும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. பொடிப்பொடியாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் 88 குரோமோசோம்களை எண்ணும்போது கண் பூத்துவிடும். நன்றாக விரிந்த செல் ஒன்று கிடைத்தாலே அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

அதனால் எல்லா மாதிரிகளையும், செல் கருவின் டி.என்.ஏ. அளவை ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓட்டி, எண்ணும் வேலையைச் சில செடிகளோடு நிறுத்திக்கொண்டேன். இளம் இலையையும், டி.என்.ஏ. அளவு ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டுச் செடியின் இலையையும் சேர்த்துப் புது பிளேடால் கொத்தி, வடிகட்டி, சாயம் கலந்து கருவிக்குள் விட்டால் டி.என்.ஏ. அளவு திரையில் ஒரு முகடாக வரும். நாட்வீட்டில் பாலிஃபீனால்கள் அதிகம். அவை சாயம் ஒட்டுவதைக் கெடுத்து முகட்டை அகலமாக்கிவிடும். கரைசலில் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேர்த்து, எல்லாவற்றையும் பனிக்கட்டி மேலேயே வைத்துச் செய்ததும் முகடு கூர்மையானது. முதிர்ந்த இலையோடு மல்லுக்கட்டாதீர்கள், பயனில்லை.

எண்ணிக்கை மட்டும் வந்தாலும் வேலை முடிவதில்லை. 44 என்று வந்தால் அது சகலினாக இருக்கலாம். ஜப்பான் நாட்வீட்டின் குட்டை வகையான காம்பேக்டாவாக இருக்கலாம். அந்த இரண்டின் கலப்பாகவும் இருக்கலாம். அங்கே மறுபடி இலைக்கும் ரோமத்துக்கும்தான் திரும்ப வேண்டும். நல்லவேளையாக எங்கள் மாதிரிகளில் 44 வந்தவை எல்லாமே நீண்ட ரோமத்தோடு இருந்தன.

சந்தேகப்பட்ட புதர்கள் எல்லாம் அறுமடியமாகவே, அதாவது 66ஆகவே வந்தன. அவற்றைச் சோதனையிலிருந்து நீக்க வேண்டாம், தனிப் பிரிவாக வைக்கலாம் என்று முடிவானது. எனக்கு அது சரியாகவே பட்டது. 2000இல் ஹாலிங்ஸ்வொர்த், பெய்லி என்ற ஆய்வாளர்கள் காட்டியபடி பிரிட்டனின் ஜப்பான் நாட்வீட் ஒரே பெண் குளோன், அதாவது ஒரே செடியின் நகல்கள். கலப்பினத்திலோ மரபணு வேறுபாடு உண்டு. மருந்துக்கு இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

கடைசியாக ஹெர்பேரிய மாதிரிகள், அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் செடி மாதிரிகள். உள்ளே குழலாக இருக்கும் தண்டை நெடுக்காகப் பிளந்தால்தான் தாளில் படியும். பூவும், நடு இலையின் அடிப்புறமும் தெரியும்படி ஒட்டி, இடக்குறியீட்டோடு ஒப்படைத்தோம். கிடைத்த எண்கள் இப்போது சோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு புதரின் பெயருக்கு எதிரிலும் இருக்கின்றன. கோடை முடிந்து, சத்து தரையடித் தண்டை நோக்கி இறங்கும் சமயத்தில் முதல் மருந்தடிப்பு.